பார்வையாளருக்குப் பதில் பாக்கி: செங்குத்துத் தொடர் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தபடியே ஒன்றிரண்டு நிமிட எபிசோடுகளாகப் பார்க்கும் செங்குத்துத் தொடர்களைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை வெளியிடும் செயலிகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இந்தத் தொடர்களுக்குக் கதை எழுதுகிறவர்கள், ஒளிப்பதிவு செய்கிறவர்கள், வெட்டித் தொகுக்கிறவர்கள், ஒலி கலக்கிறவர்கள், சப்டைட்டில் போடுகிறவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். எங்களுக்கு வரும் குறிப்புகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை: "ஒவ்வொரு எபிசோடும் கிளிஃப்ஹேங்கரில் முடியணும்." முடிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியைத் தொங்கவிட்டு நிறுத்தும் அந்தக் கிளிஃப்ஹேங்கருக்கு அடுத்த எபிசோடு என்ன பதில் சொல்கிறது என்று கேட்டு ஒரு குறிப்பும் வருவதில்லை. பார்வையாளர் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கேள்வி ஒருவரை அடுத்த எபிசோடு வரைக்கும்தான் கொண்டுவரும். அங்கே பதில் கிடைத்ததா என்பதைப் பொறுத்துத்தான் அவர் அதற்கும் அடுத்ததைத் தொடுவார்.

முதலில் கணக்கு. ஒன்றரை நிமிட எபிசோடுகள் 60 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90 நிமிடம், ஒரு முழுநீளப் படத்தின் அளவு. முதல் எபிசோடிலிருந்து கடைசிக்குப் போக 59 தாவல்கள். ஒவ்வொரு தாவலிலும் 100க்கு 95 பேர் தொடர்ந்தால் முடிவில் மிஞ்சுவது 5 பேர்கூட இல்லை. 97 பேர் தொடர்ந்தால் 16 அல்லது 17 பேர். 99 பேர் தொடர்ந்தால் 55 பேர். 95க்கும் 99க்கும் நடுவில் இருக்கும் அந்த நான்கு பேர் எந்த எபிசோடிலும் பெரிய இழப்பாகக் கண்ணில் படமாட்டார்கள். அதனால்தான் கூட்டங்களில் முதல் எபிசோடைப் பற்றியும், பணம் கேட்கும் பூட்டு விழுகிற எபிசோடைப் பற்றியும் மட்டுமே பேச்சு நடக்கிறது. நடுவில் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதை யாரும் பார்ப்பதில்லை. தொடரைக் காலி செய்வது அந்த ஒழுகல்தான்.

அதை அடைக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி கேள்விக் கணக்கு. கதை விவாதத்தின்போதே ஒரு அட்டவணை போட வேண்டும். எபிசோடுக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு கட்டம்: இங்கே திறக்கிற கேள்வி, இங்கே மூடுகிற கேள்வி, பார்வையாளருக்குத் தெரிந்தும் பாத்திரத்துக்குத் தெரியாத விஷயம், கடைசி ஃபிரேமில் யாருடைய முகம். கேள்விகளுக்கு ஆயுள் உண்டு. 'கதவைத் தட்டியது யார்' மாதிரியான சின்னக் கேள்வியை அடுத்த எபிசோடிலேயே, மிஞ்சிப்போனால் அதற்கடுத்ததில் மூடிவிட வேண்டும். 'அவள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் என்ன இருந்தது' என்பது ஆறிலிருந்து எட்டு எபிசோடு தாங்கும். 'அவளுடைய தந்தையைச் சிறைக்கு அனுப்பியது யார்' என்பது கடைசிவரை வரலாம். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் திறந்து கிடந்தால் நினைவில் நிற்காது. பார்ப்பவர் வண்டிக்குக் காத்திருக்கிறார், நடுவில் அழைப்பு வருகிறது, நாளைக்குத்தான் திரும்பி வருவார். 'மூடுகிற கேள்வி' என்ற கட்டம் தொடர்ந்து மூன்று வரிகளில் காலியாக இருந்தால், அந்த இடத்தைத் திரும்ப எழுதாமல் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது. தாளில் இதைச் சரிசெய்ய ஒரு மாலை போதும். எடிட்டிங் மேசைக்கு வந்தபின் சரிசெய்யப் பொருளே இருக்காது.

மூன்றாவது கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் வீணாவது அதுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள்தான் நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் என்று பார்வையாளருக்கு இரண்டாம் எபிசோடிலேயே தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு யார் அவளை அதட்டினாலும் அந்தக் காட்சிக்கு இழுப்பு தானாக வந்துவிடும். பார்வையாளரை அடுத்த எபிசோடுக்கு இழுக்கும் கொக்கி என்று தனியாக ஒன்று வைக்கவே வேண்டாம். இதே ரகசியத்தை இருபதாம் எபிசோடு வரை ஒளித்துவைத்தால் கிடைப்பது மூன்று விநாடி அதிர்ச்சி. அதற்கு முந்தைய பதினெட்டு எபிசோடுகளும் வெறும் அதட்டல்தான். ஒளிந்திருக்கும் வாரிசு, மறுபிறவி எடுத்துத் திரும்புகிறவள், ஒப்பந்தத் திருமணம் என்று இந்த வடிவத்தில் திரும்பத் திரும்ப வெற்றி பெறும் கதைகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் பார்வையாளர் பாத்திரங்களைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார். அவரை அங்கேயே நிறுத்திவையுங்கள்.

கொக்கி கெட்டுப்போகிற வழிகள் மூன்று. முதலாவது பொய்க் கொக்கி: துப்பாக்கி வெடிக்கிறது, திரை இருள்கிறது, அடுத்த எபிசோடில் குண்டு கூரையில் பாய்ந்திருக்கிறது. இதை ஒரு தொடரில் ஒருமுறை மன்னிப்பார்கள். மூன்றாவது முறை துப்பாக்கியை யார் நீட்டினாலும் பயப்படமாட்டார்கள். உண்மையாகவே ஒருவர் சாகிறபோதும் பயப்படமாட்டார்கள், அதுதான் பெரிய நஷ்டம். இரண்டாவது ஒரே வகைக் கொக்கி: எப்போதும் விரிந்த கண், எப்போதும் முகத்தை நோக்கி ஓடும் ஜூம், எப்போதும் ஒரு 'டொம்'. ஒருவர் வந்து நிற்பது, ஒரு தகவல் வெளிப்படுவது, ஒரு முடிவு எடுக்கப்படுவது, நிலைமை தலைகீழாவது, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்குவது என்று முடிவுகளில் வகைகள் உண்டு. ஒரே வகை அடுத்தடுத்து மூன்று முறை வராதபடி அட்டவணையிலேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, வெட்டு தாமதமாக விழுவது. வசனம் முடிகிறது, கேட்டவர் அதிர்கிறார், மூச்சு வாங்குகிறார், கண் கலங்குகிறார், அப்புறம் வெட்டு. அந்த அதிர்ச்சி முழுவதையும் காட்டிவிட்டால் பார்வையாளருக்கு அது முடிந்துபோன விஷயம். வசனம் முடிந்து 8 முதல் 12 ஃபிரேம், அதாவது விநாடிக்கு 25 ஃபிரேம் ஓட்டத்தில் அரை விநாடிக்குள், கேட்டவரின் முகம் ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். மீதி முகத்தைப் பார்க்கத்தான் அவர் அடுத்த எபிசோடுக்கு வருகிறார்.

அடுத்த எபிசோடு அந்த மீதி முகத்திலிருந்து, அல்லது அதற்கு எதிர்ப்புறக் கோணத்திலிருந்து தொடங்கட்டும். போன எபிசோடின் கடைசி ஷாட்டையே திரும்ப ஓட்டுவதாக இருந்தால் இரண்டு விநாடிக்கு மேல் வேண்டாம். 'முன்கதை' என்று பத்து விநாடி வைத்தால் 59 எபிசோடுகளில் 590 விநாடி ஆகிறது. தொண்ணூறு நிமிடத் தொடரில் கிட்டத்தட்ட பத்து நிமிடம் பழைய காட்சி. நான்கு விநாடித் தலைப்பு அட்டை 60 முறை வந்தால் நான்கு நிமிடம். ஒரே மூச்சில் பத்து எபிசோடு பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் விரலால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. தள்ளப் பழகிய விரல் கதையையும் தள்ளும். இடைவெளி விட்டுத் திரும்புகிறவருக்கு முன்கதை தேவைதான். அதைச் செயலியே செய்யலாம்: ஆறு மணி நேரத்துக்குப் பிறகு திரும்பி வருபவருக்கு மட்டும், இரண்டு வரி எழுத்தில், தொட்டால் மறையும்படி. அந்த இரண்டு வரிகளை ஒவ்வொரு எபிசோடுக்கும் எழுதித்தர எங்கள் எழுத்தாளர்கள் தயார்.

முதல் எபிசோடு பற்றி எல்லோரும் பேசுவதால் சுருக்கமாக முடிக்கிறோம். முதல் மூன்று விநாடியில் ஒரு செயல் நடக்க வேண்டும். கட்டடத்தின் மேலிருந்து இறங்கும் டிரோன் ஷாட் ஆறு அங்குலத் திரையில் ஒன்றும் சொல்வதில்லை. முப்பதாவது விநாடிக்குள் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார் என்று தெரிந்துவிட வேண்டும். பெயர் சொல்லப்படும் பாத்திரங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். இவை எங்கள் பொறுப்பு. உங்கள் பொறுப்பு ஒன்று உண்டு: விளம்பரத் துண்டு. நாற்பதாம் எபிசோடில் கன்னத்தில் விழும் அறையும் மழையும் முத்தமும் விளம்பரத்தில் ஓடுகின்றன. அதைத் தொட்டு வந்தவர் முதல் எபிசோடில் வேறு ஆட்களை, வேறு வேகத்தைப் பார்க்கிறார். அவர் தேடிவந்த காட்சி ஐம்பது அறுபது நிமிடம் தள்ளி, பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் வெளியேறியதும் முதல் எபிசோடு பலவீனம் என்று எங்களுக்கு அறிக்கை வருகிறது. இந்தத் தொழிலில் படமெடுப்பதைவிட விளம்பரத்துக்கே அதிகம் செலவாகிறது என்பது எல்லோரும் அறிந்தது. அந்தச் செலவு வீணாகாமல் இருக்க, விளம்பரத் துண்டுகளை முதல் பத்து எபிசோடுகளிலிருந்து மட்டும் வெட்டுங்கள். அங்கே விளம்பரத்துக்கு லாயக்கான காட்சியே இல்லை என்றால், அது கதையைத் திருத்த வேண்டிய செய்தி.

இனி நடுப்பகுதி. இருபதிலிருந்து நாற்பது வரையிலான எபிசோடுகளில் பெரும்பாலான தொடர்கள் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: நாயகியை அவமானப்படுத்துகின்றன. மாமியார் அறைகிறார், அலுவலகத்தில் தண்ணீரை ஊற்றுகிறார்கள், விருந்தில் மண்டியிட வைக்கிறார்கள். பழிவாங்கல் வரும் என்ற நம்பிக்கையில் பார்வையாளர் பொறுத்துக்கொள்கிறார். எவ்வளவு தூரம்? மூன்று எபிசோடுக்கு ஒருமுறையாவது நாயகிக்கு ஒரு சின்ன வெற்றி கிடைக்காவிட்டால் பொறுமை போய்விடும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். எதிராளி மறைத்த ஒரு காகிதத்தை அவள் படமெடுத்துவிட்டாள். வாயில்காப்பாளர் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார். ஒரு கேள்விக்கு அவள் சொன்ன பதிலில் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். இதற்குச் செலவும் கிடையாது. செய்யாமல் விட்டால் என்ன நடக்கிறதென்றால், அடுத்த அவமானம் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். கன்னத்தில் விழுந்த ஓர் அறை இரண்டாகிறது, இரண்டு மாடிப்படியிலிருந்து தள்ளுவதாகிறது. ஒரு பெண்ணை அடிப்பதைத் தவிர இழுப்புக்கு வேறு வழி தெரியாத தொடர்களாக நம்முடையவை ஆகிக்கொண்டிருக்கின்றன. இதை வெட்டித் தொகுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: அது கேவலமாகவும் இருக்கிறது, வேலை செய்யவும் இல்லை. சீனாவில் 2024 ஜூன் 1 முதல் இத்தகைய குறுந்தொடர்கள் பரிசீலனையும் பதிவும் இல்லாமல் இணையத்தில் வெளியாகக் கூடாது என்றாகிவிட்டது. கட்டுப்பாடு வெளியிலிருந்து வருவதற்கு முன் நாமே எழுத்தில் திருத்திக்கொள்வது நல்லது.

பூட்டு. எட்டு முதல் பத்து எபிசோடு இலவசம், பிறகு காயின் (செயலிக்குள் பணம் கொடுத்து வாங்குவது), விளம்பரம் அல்லது சந்தா என்பது வழக்கமாகிவிட்டது. பூட்டை எப்போதும் மிகக் கூர்மையான கிளிஃப்ஹேங்கரில் மாட்டுகிறீர்கள். எங்கள் யோசனை வேறு. ஒரு நடுத்தரக் கேள்வி திருப்தியாக மூடப்பட்டு, அந்தப் பதிலே ஒரு பெரிய கேள்வியைத் திறந்துவிடுகிற எபிசோடின் முடிவில் பூட்டுங்கள். பத்திரத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துவிட்டது. அதில் இருந்த பெயர்தான் புதிர். பணம் கொடுக்கலாமா என்று யோசிப்பவர் இந்தத் தொடர் சொன்ன வாக்கைக் காப்பாற்றுமா என்றுதான் யோசிக்கிறார். அதற்கான சான்றை முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டுப் பணம் கேட்பது முறை. அதோடு, முழுத் தொடரையும் பார்த்து முடிக்க எவ்வளவு ஆகும் என்பதைக் காயினில் இல்லாமல் உண்மையான பணத்தில், முதல் பூட்டிலேயே காட்டுங்கள். அடுத்த எபிசோடுகள் தானாகத் திறந்து காயினைக் கழிக்கும் வசதி, பார்வையாளர் கேட்டால் மட்டும் இயங்கட்டும். விளம்பரம் பார்த்துத் திறப்பதென்றால் எபிசோடுகளுக்கு இடையில் மட்டும் வையுங்கள், நடுவில் வேண்டாம். 90 விநாடிக் கதைக்கு 30 விநாடி விளம்பரம் என்பதே மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் கேட்ட கேள்வியே மறந்துவிடும். பைட்டான்ஸ் நிறுவனத்தின் ஹாங்குவோ செயலி தொடர்களை இலவசமாகக் காட்டி விளம்பரத்தில் சம்பாதிக்கிறது. அந்த வழியில் பார்வையாளர் கடைசிவரை இருப்பதே வருமானம். அங்கே நல்ல நடுப்பகுதிக்கு நேரடி விலை உண்டு.

படச்சட்டம் பற்றி ஒளிப்பதிவாளர்கள் கேட்பது இது. 4கே கேமராவைக் கிடைமட்டமாகவே வைத்து எடுத்துவிட்டு, பிறகு 9:16க்கு (அகலம் 9 என்றால் உயரம் 16) வெட்டிக்கொள்ளலாம் என்கிறீர்கள். 3840க்கு 2160 பிக்சல் என்ற படத்திலிருந்து கிடைக்கும் செங்குத்துத் துண்டு 1215க்கு 2160. வெளியீடு 1080க்கு 1920 என்பதால், பெரிதாக்கவோ நகர்த்தவோ எட்டில் ஒரு பங்கு இடம்தான் மிஞ்சும். கேமராவைத் திருப்பி வைத்தால் 2160க்கு 3840 முழுதாகக் கிடைக்கும். வேண்டிய பொருட்கள்: கேமராவைப் பக்கவாட்டில் பிடிக்கும் எல் வடிவத் தாங்கி, செங்குத்து எடைக்குச் சமன் செய்த கிம்பல் (கேமராவைக் குலுங்காமல் பிடிக்கும் கருவி), படத்தைத் திருப்பிக் காட்டும் மானிட்டர். எல்லாம் ஒரு முறை வாங்குகிற சாமான்.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஷாட்டைச் செங்குத்துச் சட்டத்தில் எடுத்தால் இருவரும் சிறுத்துவிடுவார்கள். ஆட்களை ஆழத்தில் அடுக்க வேண்டும்: ஒருவர் முன்னால், மற்றவர் அவர் தோளுக்குப் பின்னால். அல்லது உயரத்தில் அடுக்க வேண்டும்: ஒருவர் உட்கார்ந்தும் ஒருவர் நின்றும், படிக்கட்டில், வாசல்நிலையில். நடிகர் இடமிருந்து வலம் நடந்தால் அடுத்த அடியிலேயே சட்டத்தைத் தாண்டிவிடுவார். கேமராவை நோக்கி நடக்கட்டும். ஆகவே படப்பிடிப்புக்கு வீடு தேடும்போது கூடத்தின் அகலத்தைப் பார்க்காதீர்கள். நீளமான நடை, மாடிப்படி, உயரமான சன்னல் உள்ள வீட்டைப் பிடியுங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாமலே போகிறது. இன்றைய பல ஃபோன்களின் திரை 9:16 இல்லை, 9:20. செயலி திரையை நிரப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினால் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், பக்கத்துக்கு 108 பிக்சல். வலது ஓரத்தில் நிற்கும் ஆளும், இடது ஓரத்தில் தெரிய வேண்டிய கடிதமும் காணாமல் போகும். நிரப்புவதா, மேலும் கீழும் கறுப்பு விடுவதா என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள். செயலியின் பொத்தான்களுக்காக வலதுபுறம் 135 பிக்சல், கீழே 380, மேலே 190 என்று ஒதுக்கிய கண்ணாடித் தாளை மானிட்டர்மேல் ஒட்டி எடுத்தால் பின்னால் சண்டை வராது. கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருந்தால், மோவாய்க்குக் கீழே சப்டைட்டிலுக்கு இடம் கிடைக்கும்.

சப்டைட்டில் என்பது கடைசி நாள் வேலையாக இருக்கிறது. பலர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் வசனம். பயன்படுத்தக்கூடிய அகலம் ஏறக்குறைய 800 பிக்சல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரிக்கு மூன்று சொல், சில நேரம் இரண்டு. இரண்டு வரிக்கு மேல் போகாமல், சொல்லை நடுவில் உடைக்காமல், அதிக வரியிடைவெளி விட்டு அமைக்க வேண்டும். இல்லையென்றால் மேல் வரியின் உகரக் குறியும் கீழ் வரியின் இகரக் குறியும் ஒன்றோடொன்று முட்டும். வெள்ளை எழுத்துக்கு மெல்லிய கறுப்பு ஓரம் கட்டாயம். எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். "உன் அப்பாவைக் கொன்னது நான்தான்" என்ற வரியை ஒரே துண்டாகப் போட்டால், நடிகர் 'உன்' என்று வாயெடுக்கும் முன்பே பார்வையாளர் 'நான்தான்' வரை படித்து முடித்துவிடுவார். நடிகர் எடுத்துக்கொண்ட இடைவெளியும், எடிட்டர் எண்ணி வைத்த ஃபிரேம்களும் வீண். அந்த வரி இரண்டு சப்டைட்டிலாகப் பிரிய வேண்டும். 'நான்தான்' அவர் சொல்லும் கணத்தில் மட்டும் திரையில் வர வேண்டும். நேரக் கோட்டைத் தானியங்கி மென்பொருளிடம் விட்டுவிட்டு மனிதர் பார்க்காமல் அனுப்பினால், 60 எபிசோடுகளிலும் முடிவு முன்கூட்டியே கசியும்.

ஒலியில் ஒரு திருத்தம். கொக்கிக்குப் போடும் அந்த 'டொம்' பெரிய ஸ்பீக்கரில் நெஞ்சை அதிரவைக்கும். ஃபோன் ஸ்பீக்கரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பகுதி கேட்பதே இல்லை. 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையில் ஏதாவது இருந்தால்தான் அடி விழும்: மேசையில் வைத்த கோப்பையின் சத்தம், கதவின் தாழ்ப்பாள், அறுந்துபோன மூச்சு. பல நேரம் எல்லாச் சத்தத்தையும் சட்டென்று நிறுத்துவதே அதைவிட வலுவானது. வசனத்துக்கு அடியில் இசை குறைந்தது 15 டெசிபெல் தாழ்ந்திருக்கட்டும். 60 எபிசோடுகளும் ஒரே ஒலியளவில், மைனஸ் 14 முதல் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்ஸுக்குள் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) ஏதாவது ஓர் அளவைத் தேர்ந்து அதிலேயே நிற்கட்டும். ஒரு எபிசோடு கத்தி அடுத்தது முணுமுணுத்தால் கை ஒலிப் பொத்தானுக்குப் போகும். கடைசிப் பரிசோதனையை ஸ்டுடியோவில் செய்யாதீர்கள்: சாதாரண ஃபோன், வெளிச்சம் 40 சதவீதம், ஒலி பாதி, வெயிலில் நின்று. இரவுக் காட்சியில் முகம் தெரியவில்லை என்றால் வண்ணம் சேர்ப்பவரிடம் திரும்பிப் போக வேண்டும்.

படப்பிடிப்பு நாள்கள் பற்றி ஒரு கோரிக்கை. ஒன்பது நாளில் தொண்ணூறு நிமிடம் என்றால் நாளுக்குப் பத்து நிமிடக் காட்சி. இடவாரியாக எடுப்பதால் எபிசோடு 4இன் முடிவு முதல் நாளிலும், 5இன் தொடக்கம் ஏழாம் நாளிலும் எடுக்கப்படுகின்றன. பார்வையாளர் அவற்றைக் கால் விநாடி இடைவெளியில் பார்க்கிறார். கண்ணீர் எந்தக் கன்னத்தில், ஃபோன் எந்தக் கையில், குரல் எந்தச் சுருதியில் என்று எல்லாம் மாறிவிடுகிறது. ஆகவே ஓர் எபிசோடின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் சேரும் ஒவ்வொரு ஒட்டையும் ஒரே அமர்வில் எடுக்க வேண்டும்: கடைசி வசனம், கேட்டவரின் முகத்தை ஐந்து விநாடி நிறுத்திப் பிடித்த ஷாட், எதிர்க்கோணம், கை அல்லது பொருளின் தனி ஷாட் ஒன்று. ஒட்டுக்குப் பத்து நிமிடம் என்றால் 59 ஒட்டுக்கும் சேர்த்துப் பத்து மணி நேரம். ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளைக் கூடுதலாகக் கொடுங்கள். வேறு எந்தச் செலவைவிடவும் அது பார்வையாளரைப் பிடித்துவைக்கும்.

செயலியைக் கட்டுகிறவர்களுக்கு: எபிசோடு முடிந்து சுழலும் வட்டம் வந்தால் எழுத்தாளர் செய்த அத்தனையும் போயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் எபிசோடின் கடைசி 20 விநாடியில் அடுத்ததன் முதல் சில விநாடிகளை இறக்கி வைத்துவிடுங்கள். விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் 90 விநாடிக்கு 22.5 மெகாபைட், முழுத் தொடருக்கு 1350 மெகாபைட். எல்லோருடைய டேட்டாவும் இதைத் தாங்காது. 540க்கு 960 அளவில் 0.8 மெகாபிட்டில் ஒரு பிரதி இருந்தால் எபிசோடுக்கு 9 மெகாபைட்தான். பிடித்த காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும், 15 விநாடித் துண்டாக நண்பருக்கு அனுப்பவும் விடுங்கள். 2020 ஏப்ரல் 6 அன்று தொடங்கி அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று மூடப்பட்ட குவிபி என்ற குறுந்தொடர்ச் செயலி 175 கோடி டாலர் திரட்டியிருந்தது, பெரிய நட்சத்திரங்கள் இருந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் அங்கே ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. பார்த்தவர் பிறரிடம் காட்ட வழியில்லை. ஒவ்வொரு காட்சியும் கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்று எடுத்தார்கள். இரண்டுக்கும் பொதுவாக வைத்த சட்டம் இரண்டிலும் இறுக்கமாக நிற்காது என்பது எங்கள் கருத்து. இன்று உங்களில் சிலர் அதே இரட்டை வெளியீட்டைக் கேட்கிறீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறோம்.

தரவு. எங்களுக்கு மொத்தப் பார்வை எண்ணிக்கையை அனுப்பாதீர்கள். விநாடிவாரியாக எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கோட்டை அனுப்புங்கள். முதல் மூன்று விநாடியில் சரிந்தால் தொடக்கமோ, விளம்பரத் துண்டோ, இறக்கும் வேகமோ காரணம். இருபதிலிருந்து நாற்பதாவது விநாடிக்குள் மெல்லச் சரிந்தால் யாரோ விளக்கவுரை பேசிக்கொண்டிருக்கிறார். ஓரிடத்தில் கோடு மேலே ஏறினால் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். காட்சி பிடித்திருக்கலாம், வசனம் கேட்காமலும் இருந்திருக்கலாம், ஒலியோடு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடைசி மூன்று விநாடியில் பலர் விலகி, அவர்களே அடுத்த எபிசோடைத் தொடங்கியிருந்தால் அது இழப்பு இல்லை, அவசரம். அதைச் சரிவு என்று எண்ணி முடிவை மாற்றச் சொன்னால் நன்றாக இருந்ததைக் கெடுப்பீர்கள்.

கடைசியாக, தொடரின் முடிவு. பெரிய கேள்விக்குப் பதில் அறுபதாம் எபிசோடின் இறுதி இருபது விநாடியில் வருகிறது. சில தொடர்களில் அங்கேயும் வராமல் 'இரண்டாம் பாகத்தில்' என்று எழுத்து விழுகிறது. காசு கொடுத்து 59 தாவல் தாண்டி வந்தவருக்குச் செய்யும் துரோகம் அது; அவர் உங்கள் அடுத்த தொடரின் முதல் பூட்டிலேயே நின்றுவிடுவார். நடுத்தரக் கேள்விகள் எல்லாம் 55ஆம் எபிசோடுக்குள் மூடட்டும். பெரிய பதில் 57 அல்லது 58இல் வரட்டும். மீதியில் அந்தப் பதிலால் யாருக்கு என்ன ஆயிற்று என்று காட்டுவோம். தந்தை சிறையிலிருந்து வெளியே வந்து மகளிடம் பேசும் காட்சிக்காகத்தான் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். கடைசி எபிசோடு மூன்று நிமிடம் ஓடலாம் என்று விதியைத் தளர்த்துங்கள். அது முடிந்ததும் வேறொரு தொடரின் விளம்பரம் பாய்ந்து வராமல், உழைத்தவர்களின் பெயர்களோடு பத்து விநாடி விடுங்கள்.

கேள்விக் கணக்கு அட்டவணையின் மாதிரியையும், மானிட்டரில் ஒட்டும் தாளின் அளவுகளையும் கேட்கும் எந்த நிறுவனத்துக்கும் கட்டணமின்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
செங்குத்துத் தொடர்களின் எழுத்து, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, சப்டைட்டில் பணியாளர்கள்